முதல் தாமதம்

"உங்க தங்கச்சி டேட்டாதாம்மா இன்னும் முடியாம இருக்கு, இன்னைக்கு முடிச்சிரலாம்" என்று சொல்லிவிட்டு அந்த ஆபீஸ் அம்மாள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதிலிருந்து அஞ்சுகத்துக்கு அந்தச் சொல் தொண்டையில் மீன்முள்ளாக நின்றுகொண்டது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. டேட்டா. அவள் வாயில் நாளெல்லாம் புழங்குகிற சொல்தானே அது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவள் வைத்திருக்கிற ரீசார்ஜ் கடையில், ஒரு ஓரமாக ஜெராக்ஸ் மிஷினும் கம்ப்யூட்டரும் போட்டிருக்கிற கடையில், காலையில் ஷட்டரைத் தூக்கினால் இறக்குகிறவரை அதுதான் வியாபாரம். அக்கா, டேட்டா மட்டும் போடுங்கக்கா. அக்கா, நேத்துப் போட்ட டேட்டா அதுக்குள்ள தீந்துருச்சு, நீங்க சரியாத்தான் போட்டீங்களா. போட்டேன்டா, நீ ராத்திரியெல்லாம் படம் பார்த்துட்டு எங்கிட்ட வந்து கணக்குக் கேக்குற. கண்ணால் பார்க்கவும் கையால் பிடிக்கவும் முடியாத ஒன்றை விற்றுப் பிழைக்கிறாயே, சாமர்த்தியக்காரிதான் என்று அம்மா கேலி பண்ணுவாள். அம்மா இப்போது யாரையும் கேலி பண்ணுவதில்லை. தட்டில் சோற்றைப் போட்டு வைத்தால் ஈ மொய்க்கிறவரை பார்த்துக்கொண்டே இருக்கிறாள். தங்கச்சி கலா பெற்றுப் போட்டுவிட்டுப் போன குழந்தை தொட்டிலில் கத்தினால் அஞ்சுகத்தைத்தான் கூப்பிடுகிறாள், தான் தூக்குவதில்லை. என் கை படவேணாம் என்கிறாள். இன்றைக்கு வேறு வழியில்லாமல், பாலைக் கரைத்து பாட்டிலில் ஊற்றித் தொட்டிலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, நீதான் இருக்க, வேற ஆளில்ல என்று சொல்லிவிட்டு அஞ்சுகம் பஸ் ஏறிவிட்டாள். அழுதிருக்கும் இந்நேரம். தூக்கினாளோ இல்லையோ.

கலெக்டர் ஆபீஸ் இரண்டாம் மாடியின் நடைவழியில் இரும்பு நாற்காலிகளை ஒன்றோடொன்று பிணைத்துப் போட்டிருந்தார்கள், யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயம்போல. எதிர்ச் சுவரில் இதுவரை இருந்த கலெக்டர்களின் பெயர்ப்பலகை. மேலே வெள்ளைக்காரப் பெயர்களாக ஆரம்பித்து, கீழே வரவர நம் ஊர்ப் பெயர்களாகி, ஒவ்வொருவருக்கும் பக்கத்தில் வந்த தேதி, போன தேதி. வந்தவர்களுக்கும் போனவர்களுக்கும் பொன்னெழுத்தில் பலகை வைக்கிறார்களே, பிரசவத்துக்கு என்று ஆஸ்பத்திரிக்குள் போய்த் திரும்பி வராதவர்களுக்கு ஒன்று வைத்தால் இந்தச் சுவர் போதுமா என்று அஞ்சுகம் நினைத்தாள், நினைத்ததும் அவளுக்கே பகீரென்றது, யாராவது கேட்டுவிட்டார்களோ என்று திரும்பிப் பார்த்தாள். மனசுக்குள் நினைப்பதற்குக்கூட இந்த இடத்தில் அனுமதி வாங்கவேண்டும்போல் இருந்தது. மூடிய கதவுக்குப் பின்னால்தான் கூட்டம். பிரசவத்தில் ஒருத்தி செத்துப்போனால் கலெக்டர் டாக்டர்களையெல்லாம் கூட்டி உட்காரவைத்து ஏன் செத்தாள் என்று கேட்பாராம், அவள் வீட்டு ஆட்களையும் ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டுக் கேட்பாராம். நல்ல ஏற்பாடுதான், யார் இல்லை என்றது. ஆனால் அவர் கேட்பதற்கு முன்னாலேயே, அவர்கள் வட்டாரத்து டாக்டர் மாடிப்படியில் அவளை நிறுத்தி, கட்டின மனைவியிடம் பேசுகிறமாதிரி அவ்வளவு மெதுவாகப் பேசினார். கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லும்மா, கதையெல்லாம் வேணாம், உங்கம்மா சொன்னது ஃபைல்ல இருக்கு, அதையே சொல்லிட்டு வந்துரு. குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்கணும்ல, அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம். பார்த்துக்கொள்வதாகக் கலாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றைக்கும்தான் சொன்னார்கள்.

அம்மா சொன்னது. அதுதான் வினை. கருமாதி முடிந்த மறுநாள், பந்தல் கம்புகூடப் பிடுங்காத வாசலில் ஒரு ஜீப் வந்து நின்றது. நர்சம்மாவும் இன்னும் இரண்டு பேரும் இறங்கி, மோர் வேண்டாம் தண்ணீர் போதும் என்று சொல்லிப் பாயில் உட்கார்ந்து, அனுதாபமாகத்தான் கேட்டார்கள், வலி எப்ப எடுத்துச்சு, எப்ப கெளம்புனீங்க, ஏன் உடனே கெளம்பல. அஞ்சுகம் அடுப்படியிலிருந்து வெளியே வருவதற்குள் அம்மா பவுனம்மா நெஞ்சில் அடித்துக்கொண்டு சொல்லிவிட்டாள், நாந்தாம்மா நிறுத்தி வெச்சேன், வெள்ளிக்கிழமை, ராகுகாலம், உச்சிப்பொழுது தாண்டட்டும்னு நாந்தாம்மா சொன்னேன், எம்மகளை நானே கொன்னுட்டேன் என்று. பேனா அந்த இடத்தில் ஓடின ஓட்டத்தை அஞ்சுகம் பார்த்தாள். அதுவரை மெள்ள ஊர்ந்துகொண்டிருந்த பேனா. அதற்கப்புறம் அஞ்சுகம் ஆஸ்பத்திரியைப் பற்றி என்னென்னவோ சொன்னாள், தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்கள், பேனா மூடி போட்டபடியேதான் இருந்தது. பெற்றவள் ஒருத்தி துக்கத்தில் தன் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொண்டாள் என்றால் அதை அப்படியே அள்ளிக்கொண்டு போய்க் கணக்கில் வைப்பார்களா. வைத்தார்கள். ராகுகாலம் உண்மைதான், அதை இல்லையென்று அஞ்சுகம் எங்கே சொன்னாள். வலி வந்ததும் ஆட்டோவுக்குச் சொல்லி, வந்து நின்று, டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருக்க, பவுனம்மா நிலைப்படியில் குறுக்கே நின்றாள். ஒரு அரை மணி இருக்கும். அந்த அரை மணியில் கலா வலியோடு சிரிக்கவும் செய்தாள். யம்மா, உம்பேத்தி பஞ்சாங்கம் பாத்துட்டுத்தான் வருவா போலருக்கு என்றாள். பேத்திதான் என்று எப்படித் தெரிந்ததோ. ஆட்டோவில் ஏறும்போது செருப்பைத் தேடினாள். ஒரு செருப்பு இருந்தது, இன்னொன்றை நாய் இழுத்துப்போயிருந்தது, அஞ்சுகத்தின் செருப்பைப் போட்டுக்கொண்டு போனாள். அந்தச் செருப்பைத்தான் அப்புறம் ஆஸ்பத்திரிப் பையில் போட்டுக் கொடுத்தார்கள். இன்றைக்கு அஞ்சுகம் காலில் கிடப்பதும் அதுதான். வேறு வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. வாங்கமாட்டாள்.

தண்ணீர் கேனின் குழாயில் யாரோ டம்ளரை வைத்துப் பிடிக்கிற சத்தம் கேட்டது. பக்கத்து நாற்காலிக்காரர். தவமணி என்று பெயர் சொன்னார், அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறவராம், மனைவி போனமாதம் போய்விட்டாளாம், ரெண்டாவது பிரசவம். அதற்குமேல் அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. ஒரே கடையில் ஒரே சாமானுக்கு வரிசையில் நிற்கிறவர்களுக்குள் என்ன பேச்சு இருக்கிறது. டேட்டா என்று கலா எத்தனை விதமாகச் சொல்லுவாள், என்று மனசு போய் மறுபடியும் அந்த முள்ளில் மாட்டிக்கொண்டது. அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது கடைக் கம்ப்யூட்டரில் அஞ்சுகம்தான் பயோடேட்டா அடித்தாள். பெயர் நித்யகலா. நிறம் மாநிறம் என்று அடித்ததற்கு, கறுப்புன்னே போடுக்கா, அப்புறம் வந்து பாத்துட்டு ஏமாந்துட்டோம்னு சொல்லப்போறாங்க என்றாள். குணம் என்று ஒரு இடம் போட்டு அமைதியானவர் என்று அஞ்சுகம் அடித்தபோது ஸ்டூலிலிருந்து விழுகிறமாதிரி சிரித்தாள். அந்த ஒரு பக்கத்தில் இருந்தது எதுவுமே கலா இல்லை, ஆனாலும் அதைப் பார்த்துத்தான் இளவழகன் வீட்டில் சரியென்றார்கள். கல்யாணம் முடிந்து அவன் ஷார்ஜாவுக்குப் போனபிறகு டேட்டா என்றால் அவளுக்குப் புருஷன் முகம். அக்கா, டேட்டா முடிஞ்சிருச்சு, மாமா பேசிட்டிருக்கும்போதே வாயைப் பொளந்தபடி நின்னுட்டாரு, சீக்கிரம் போடுக்கா என்று கூப்பிடுவாள். மாசமானதும் நர்சம்மா கையிலிருந்த டேப்லெட்டில் அவள் பெயரை ஏற்றி ஒரு நம்பர் கொடுத்தாள், டேட்டா ஏத்தியாச்சு, இனி நீங்க எங்க பொறுப்பு என்றாள். எங்க பொறுப்பு. எடை, ரத்தம், சர்க்கரை, வயிற்றின் உயரம், எல்லாம் மாதாமாதம் ஏறிக்கொண்டே இருந்தது, ஒரு மாதம் போகத் தவறினால் போன் வந்துவிடும், பொய் சொல்லக்கூடாது, அருமையாகத்தான் பார்த்தார்கள். ஒன்பது மாதமும் அவளைப்பற்றி அத்தனையும் தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு சாயங்காலம் மட்டும் எப்படித் தெரியாமல் போனது. அவள் காலடியில் துணி ரத்தத்தில் நனைய நனைய மாற்றியது எந்த டேப்லெட்டில் ஏறியிருக்கிறது. அஞ்சுகத்துக்குக் கண்ணில் நீர் வரவில்லை. கோபம்தான் வந்தது. கோபம் வந்தால் அவளுக்குக் காது சூடாகிவிடும், இப்போது இரண்டு காதும் எரிந்தது.

அந்த அம்மாள் மறுபடி வெளியே வந்தாள். வசந்தமாலினி என்று கழுத்து அட்டையில் இருந்தது, புள்ளிவிவரம் பார்க்கிறவளாம். மோசமானவள் இல்லை. உள்ளே போன டீத் தட்டிலிருந்து இரண்டு பிஸ்கட்டைத் கைக்குட்டையில் வைத்துக் கொண்டுவந்து, காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டே என்று நீட்டினாள். அஞ்சுகம் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டாள். உள்ளே என்ன கேட்பார்கள் என்று இவள் கேட்டதும் அந்த அம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் விளக்கினாள். மூன்று தாமதம் இருக்கிறதாம். வீட்டில் கிளம்பாமல் இருப்பது முதல் தாமதம். வழியில் வண்டி கிடைக்காமல் நிற்பது இரண்டாம் தாமதம். ஆஸ்பத்திரிக்குள் போனபிறகு ஆவது மூன்றாம் தாமதம். ஒவ்வொரு மரணத்தையும் இதில் ஏதாவது ஒன்றில் போடவேண்டுமாம், அப்போதுதான் எங்கே சரிசெய்வது என்று தெரியுமாம். "டேட்டா சரியா இருந்தாத்தாம்மா அடுத்த பொண்ணைக் காப்பாத்த முடியும்" என்றாள், நெஞ்சார நம்பித்தான் சொன்னாள். ஒண்ணுலதான் போடணுமா மேடம், மூணுலயும் போடக்கூடாதா என்று அஞ்சுகம் கேட்டாள். போடலாம், ஆனா முக்கியமானது ஒண்ணு இருக்கும்ல, அதுதான் மேல போகும் என்று அந்த அம்மாள் எழுந்து தவமணியை உள்ளே கூப்பிட்டாள். அவர் வேட்டியை இறக்கிவிட்டு, டம்ளரை எங்கே வைப்பதென்று தெரியாமல் நாற்காலியிலேயே வைத்துவிட்டுப் போனார்.

பிஸ்கட் உள்ளங்கையில் பிசுபிசுத்தது. முக்கியமானது ஒன்று. அந்த ஒன்று எதுவென்று ஏற்கெனவே ஃபைலில் உட்கார்ந்திருக்கிறது, அம்மாவின் குரலில். இவள் போய் அதற்குத் தலையாட்டினால் போதும், முதல் தாமதம், குடும்பத்தார் மூடநம்பிக்கை, முடிந்தது, அடுத்த ஆள் வரலாம். ஆஸ்பத்திரிக்கு ஒன்றும் ஆகாது, அங்கே அடுத்த வெள்ளிக்கிழமை இன்னொருத்தி போய் அதே கட்டிலில் படுப்பாள். அம்மா தன் காலம் முடிகிறவரை அந்தக் குழந்தையைத் தொடமாட்டாள், அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்தபிறகு யார் போய் அவளிடம் மாற்றிச் சொல்வது. பொய் சொல்லிவிடலாமா. ராகுகாலமே பார்க்கவில்லை, உடனே கிளம்பினோம், அம்மா துக்கத்தில் உளறினாள் என்று. சொல்லலாம்தான், நாக்கு புரளாதா என்ன, ஒரு நாளைக்குக் கடையில் எத்தனை பொய் சொல்கிறாள், சர்வர் பிசி என்று. ஆனால் ஆட்டோக்காரனைக் கேட்பார்கள், அக்கம்பக்கம் கேட்பார்கள், ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு மிச்சம் அத்தனையையும் பொய் என்பார்கள். அதுவுமில்லாமல் கலா ஏன் பொய்யாகவேண்டும். அவள் அரை மணி காத்திருந்தது அவளுடைய அரை மணி, சிரித்தது அவளுடைய சிரிப்பு. அதை இவர்களுக்குப் பயந்து இல்லையென்று சொன்னால் அந்தச் சிரிப்பும் போய்விடும். இல்லை, சொல்லத்தான் வேண்டும். ஆனால் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுவார்கள். சான்றிதழ் ஞாபகம் வந்தது, மாடிப்படியில் அந்த மெதுவான குரல் ஞாபகம் வந்தது, கடைக்கு யாராவது வந்து ஏதாவது செய்துவிடுவார்களோ என்று கொஞ்சநேரம் பயந்தாள். பயந்துகொண்டே பிஸ்கட்டைத் தின்றாள். பசித்தது, அதற்கென்ன செய்வது.

கதவு திறந்து தவமணி வெளியே வந்தார். போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை, அவ்வளவுதானா என்றிருந்தது. என்னண்ணே கேட்டாங்க என்று எழுந்தாள். அவர் நாற்காலியில் வைத்த டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"முதல்லேருந்து சொல்லுங்கன்னாங்க. வண்டி கெடைக்காம ரோட்டுலயே நின்னோம்னு ஆரம்பிச்சேன். சரி போதும்னுட்டாங்க. உள்ள போனப்புறம்தானே தங்கச்சி எல்லாமே நடந்துச்சு. அங்க வரைக்கும் நான் போகவே இல்ல."

முதலிலிருந்து. அஞ்சுகத்துக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. முதலிலிருந்து சொன்னால் முதல் தாமதம்தானே முதலில் வரும். வீட்டு வாசலிலேயே பேனா நின்றுவிடும், ஆட்டோ கிளம்பவே கிளம்பாது. எல்லாக் கதையும் எங்கள் வீட்டு வாசலில்தான் ஆரம்பிக்கவேண்டும் என்று யார் சொன்னது. நர்சம்மா வந்து கேட்டாள், அம்மா முதலிலிருந்து சொன்னாள். இந்த மனிதர் உள்ளே போனார், முதலிலிருந்து சொன்னார். கேட்கிறவர்கள் நல்லவர்களாகவே இருக்கட்டும், பிஸ்கட் கொடுக்கிறவர்களாகவே இருக்கட்டும், அவர்கள் கேட்கிற வரிசையில் சொன்னால் நாம்தான் எப்போதும் முதல் குற்றவாளி. வசந்தமாலினி தலையை நீட்டி, நித்யகலா வீட்டு ஆளுங்க என்றாள். அஞ்சுகம் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டாள். தங்கச்சி போட்டுப்போன செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டுமோ என்று ஒரு கணம் நின்றாள். கழற்றவில்லை.

உள்ளே ஏசி குளிர். நீள மேசையின் இரண்டு பக்கமும் டாக்டர்கள், அவர்களுக்கு முன்னால் ஆறிப்போன டீ. கோடியில் கலெக்டர், தலை அங்கங்கே நரைத்த மனிதர், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வணக்கம் சொன்னார். வட்டார டாக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்தாள். நடந்ததற்கு வருந்துவதாகக் கலெக்டர் சொன்னார், அது சும்மா சொன்னமாதிரி இல்லை. பயப்படாமல் முதலிலிருந்து சொல்லும்படி கேட்டார்.

"கடைசியிலேருந்து சொல்றேன் சார்" என்றாள்.

வசந்தமாலினி, அப்படி இல்லம்மா, வரிசையாச் சொன்னாத்தான் எங்களுக்கு எழுத வரும் என்று ஆரம்பித்தாள்.

"வரிசையாச் சொன்னா எங்க வீட்டு வாசல்லயே நிறுத்திருவீங்க மேடம். எனக்கு இப்படித்தான் வருது."

கலெக்டர் கையை லேசாகத் தூக்கினார். சொல்லட்டும் என்றார். அஞ்சுகம் மேசைமேல் இருந்த ஒரு டீக் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, அதை விட்டுக் கண்ணை எடுக்காமல், சொல்ல ஆரம்பித்தாள். பெரிய ஆஸ்பத்திரி கேட்டுக்குள் வண்டி திரும்பினபோது கலா கை சில்லிட்டுவிட்டது. அதற்கு முந்தி வண்டியில், அக்கா குளுருது, ஃபேனை நிறுத்தச் சொல்லு என்றாள், வண்டியில் ஃபேனே இல்லை. அதற்கு முந்தி தாலுகா ஆஸ்பத்திரி வாசலில் தெருவிளக்கெல்லாம் எரிந்த பிறகுதான் ஒரு சீட்டைக் கையில் கொடுத்து வேறே இடத்துக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். அதற்கு முந்தி ரத்தம் வேண்டும், அந்த குரூப் இல்லை என்றார்கள், ஊரெல்லாம் போன் போட்டுக் கடைக்கு வரும் பையன்களில் இரண்டு பேரை வரவழைத்தேன், ரத்தம் எடுக்க ஆளில்லாமல் அவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு முந்தி டாக்டர் வந்துகொண்டே இருக்கிறார் என்றார்கள். அதற்கு முந்தியும் வந்துகொண்டே இருக்கிறார் என்றார்கள். ஒவ்வொரு முந்திக்கும் யாரோ ஒருவர் நாற்காலியில் அசைவது கேட்டது. அதற்கு முந்தி நனைந்த துணியைக் காட்டினேன், பிள்ளை பெற்றால் அப்படித்தான் போகும் என்றார்கள். அதற்கு முந்தி குழந்தை பிறந்தது, வெயில் அப்போது ஜன்னல் கம்பியில் அடித்துக்கொண்டிருந்தது, பொம்பளப்பிள்ளை. வெயிலடிச்சப்போ பொறந்த பிள்ளைக்கு வெளக்கு வெச்சப்புறம்தான் சார் சீட்டு எழுதுனாங்க, அது வரைக்கும் ஒரு டாக்டர்கூட வரல.

கலெக்டர் மேசையின் இடப்பக்கம் திரும்பி, பிறந்ததிலிருந்து விளக்கு வைக்கிறவரை பணியில் இருந்தது யார் என்று கேட்டார். பதில் சொல்லவேண்டியவர் தாள்களைப் புரட்டினார். அந்தப் பதிவேட்டை இப்போதே வரவழைக்கச் சொல்லிவிட்டுக் கலெக்டர் பேனாவை எடுத்துத் தானே எதையோ எழுதினார், பிறகு அஞ்சுகத்தைப் பார்த்து, புரியுதும்மா, இது போதும் என்றார். இங்கேயே எழுந்துவிடலாம். அம்மாவைப் பற்றி வாயே திறக்காமல் கும்பிட்டுவிட்டுப் போய்விடலாம், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் ஃபைலில் அது இருக்கிறது, யார் எப்போது வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம். அதைவிட, பாதியில் விட்டால் கலா ஆஸ்பத்திரிக் கட்டிலிலேயே கிடப்பாள். அவளை அங்கே விட்டுவிட்டுப் போக அஞ்சுகத்துக்கு மனசில்லை.

"இன்னும் முடியல சார். அதுக்கு முந்தி எங்கம்மா அரை மணி நேரம் அவளை வாசல்ல நிறுத்துனாங்க, ராகுகாலம்னு. தப்புதான். எழுதிக்கங்க. ஆனா கடைசியா எழுதுங்க."

வசந்தமாலினி கலெக்டரைப் பார்த்தாள். பிறகு தன் முன்னால் இருந்த தாளின் மேல்வரியைக் கோடிட்டு அடித்துவிட்டு, அடியில் எங்கோ போய் அதை எழுதினாள். எழுதுகிறவரை அஞ்சுகம் பொறுத்திருந்தாள். அப்புறம் யாரும் கேட்காமலேயே சொன்னாள், ஆட்டோவில் ஏறும்போது பார்த்தால் ஒரு செருப்பை நாய் தூக்கிக்கொண்டு போயிருந்தது என்று. அதற்கு முந்தி வலியிலேயே சிரித்தாள், உம்பேத்தி பஞ்சாங்கம் பார்த்துத்தான் வருவாள் என்றாள். அதற்கு முந்தி காலையில், இரவு மிஞ்சின மீன்குழம்பைச் சுடவைக்காமல் அப்படியே ஊற்றிப் பழைய சோறு சாப்பிட்டாள், மாசமா இருக்கிறவள் இதைத் தின்கிறாளே என்று அம்மா திட்டினாள், திட்டிக்கொண்டே இன்னொரு அகப்பை ஊற்றினாள். அதற்கு முந்தி விடிந்தும் விடியாமல் என்னை எழுப்பி, டேட்டா போடுக்கா, மாமாவைப் பாக்கணும் என்றாள். நான் போட்டேன் சார். நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை, அவள் அதற்கும் முந்தி போனாள்.